பாட்டியின் குடம்: அனிமேஷன் குறும்படத்துக்குக் குறியீடு தேடுவது எப்படி?

விளக்கின் சுடர் ஒருமுறை நடுங்குகிறது. சிறுக்கிறது. அணைகிறது. திரை முழுக்க இருட்டு.

பாட்டி இறந்துவிட்டாள் என்று சொல்ல நாங்கள் வரைந்த காட்சி இது. மூன்றரை நிமிடப் படம், வசனம் கிடையாது. அந்தச் சுடருக்கு மட்டும் நாற்பது ஓவியம் போட்டிருந்தோம். தெரிந்தவர்கள் பத்துப் பேரைக் கூப்பிட்டு முதல்முறை போட்டுக் காட்டினோம். முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த ஏழாம் வகுப்புப் பையன் திரும்பிப் பார்த்துக் கேட்டான்: "கரண்டு போயிடுச்சாண்ணா?"

அவன் அம்மா எங்கள் மேல் இரக்கப்பட்டு, "இல்லடா, காத்துல வெளக்கு அணைஞ்சிடுச்சு" என்றார். பாட்டி செத்த செய்தி இருவருக்குமே போய்ச் சேரவில்லை.

விளக்கு அணைந்தால் உயிர் போனது என்று அர்த்தம். இது பழைய படங்கள் பார்த்து வளர்ந்த எங்களுக்குப் பழக்கம், பையனுக்கு இல்லை. அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருந்தது. அந்தக் காட்சி வரும்வரை படத்தில் அந்த விளக்கே கிடையாது. அணைவதற்கென்றே கதைக்குள் வந்த விளக்கு அது.

குறியீட்டை, அதாவது ஓர் ஆளுக்கோ விஷயத்துக்கோ பதிலாகத் திரையில் நிற்கும் பொருளை, எப்படித் தேடுவது என்று முதல் குறும்படத்தை வரையப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். அந்தப் படத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், அதில் நாங்கள் செய்யாத தப்பு குறைவு என்பதால். கதை இவ்வளவுதான்: சென்னையில் ஒரு தெரு. காலையில் தண்ணி லாரி வரும். அதற்கு முன்பே குடங்கள் வரிசையில் நிற்கும், ஆட்கள் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பாட்டிக்கும் எதிர்வீட்டுச் சிறுமிக்கும் வரிசையில் தினமும் சண்டை. ஒருநாள் பாட்டி வருவதில்லை.

1. ஒரு வாக்கியம் எழுதுங்கள்

எந்த வேலைக்குக் குறியீடு வேண்டும் என்று முதலில் ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 'மரணம்', 'தனிமை', 'காலம்' என்று ஒற்றைச் சொல்லாக எழுதினால் கை தானாகவே காய்ந்த மரத்துக்கும் மணல்கடிகாரத்துக்கும் போய்விடும். மணல்கடிகாரத்தை நம் ஊரில் எத்தனை பேர் கையால் தொட்டிருப்பார்கள்? கம்ப்யூட்டர் 'கொஞ்சம் பொறு' என்று சொல்லும் படமாகத்தான் பாதிப் பேருக்கு அது தெரியும்.

அந்த நொடியில் பார்க்கிறவருக்கு என்ன தெரிந்தாக வேண்டும் என்று எழுதுங்கள். எங்கள் வாக்கியம்: 'பாட்டி இனி வரமாட்டாள், அவள் இடத்தைச் சிறுமி யாருக்கும் விடமாட்டாள்.' இதை எழுதிச் சுவரில் ஒட்டிய பிறகுதான் விளக்கின் குறை புரிந்தது. முதல் பாதியை விளக்கு எப்படியாவது இழுத்துப் பிடித்துச் சொல்லிவிடலாம். இரண்டாம் பாதிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இடம், வரிசை, விட்டுக்கொடுக்காமை மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிற பொருள் எங்களுக்குத் தேவைப்பட்டது.

2. கதை நடக்கிற இடத்திலேயே தேடுங்கள்

இந்த விஷயத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பாடம் சங்கப் பாட்டுதான். பள்ளிக்கூடத்தில் முதல், கரு, உரி என்று மனப்பாடம் செய்தோமே, அதில் கருப்பொருள் என்பது ஒரு நிலத்தின் பறவை, விலங்கு, மரம், பூ, பறை, தொழில் எல்லாம் அடங்கிய பட்டியல். கலை இயக்குநருக்குக் கொடுக்கும் பொருள் பட்டியல் மாதிரியே இருக்கும்.

குறுந்தொகையின் எட்டாம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலங்குடி வங்கனார் பாடியது. பேசுகிறவள் பரத்தை, தலைவன் மனைவியை விட்டுத் தேடிப்போகும் பெண். பேச்சு அந்தத் தலைவனைப் பற்றி. வயலோர மாமரத்தில் பழுத்துத் தானே உதிரும் பழத்தை, கீழே நீரில் கிடக்கும் வாளைமீன் கவ்விக்கொள்கிறது. அப்படிப்பட்ட ஊர்க்காரன் அவன் என்கிறாள். பழம் யார், மீன் யார் என்று பாட்டு சொல்வதே இல்லை. அந்த ஊரில் மாமரம் உண்டு, மீன் உண்டு, பழம் விழத்தான் செய்யும். கேட்கிறவர் ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளர்த்தம் தானாக வந்து உட்காருகிறது. இதற்குப் பெயர் உள்ளுறை.

அதே பாட்டின் முடிவில் இன்னொரு படம் வருகிறது. கண்ணாடியில் தெரியும் பாவை, நாம் கை தூக்கினால் கை தூக்கும், கால் தூக்கினால் கால் தூக்கும். தன் வீட்டில் மகனின் தாய்க்கு முன்னால் அவன் அப்படித்தான் என்று கிண்டல் செய்கிறாள். அனிமேஷன்காரர்களுக்கு வாயில் எச்சில் ஊறவேண்டிய படிமம்! ஆனால் அது வேலை செய்வது 'போல' என்ற ஒரு சொல்லால். சினிமாவில் 'போல' கிடையாது. ஓர் ஆளைக் காட்டிவிட்டு, வெட்டி, சம்பந்தமில்லாத கண்ணாடிப் பாவையைக் காட்டினால், 'இது யார் வீட்டுக் கண்ணாடி?' என்றுதான் பார்ப்பவர் யோசிப்பார். ஆகவே புதிதாகப் படம் எடுக்கிறவர்கள் மாம்பழத்தையும் வாளைமீனையும் பிடித்துக்கொள்வது நல்லது. கண்ணாடிப் பாவையைக் கையாளக் கொஞ்சம் கை பழக வேண்டும்.

செய்யவேண்டியது: நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கதை நடக்கிற மாதிரியான இடத்தில் போய் உட்காருங்கள். நெட்டில் படம் தேடுவது அதற்குப் பிறகு. நாங்கள் இரண்டு நாள் காலை போய் உட்கார்ந்தோம். பட்டியலில் ஏறியவற்றில் சில: குடத்தின் கழுத்தில் அடையாளத்துக்குக் கட்டிய துணிக்கிழிசல், ஓட்டையை அடைக்கப் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிய தழும்பு, பெயின்ட்டில் போட்ட எண், குடம் கொண்டுவர நேரமில்லாமல் இடம் பிடிக்க வைத்த செங்கல், ஓர் ஒற்றைச் செருப்பு.

செங்கல்லையும் செருப்பையும் பார்த்ததும் எங்களுக்குப் பொறி தட்டியது. இந்தத் தெருவில் ஒரு பொருள் ஏற்கெனவே ஓர் ஆளுக்குப் பதிலாக நிற்கிறது. அந்தச் செங்கல்லை நகர்த்தினால் ஆளையே நகர்த்தியதாக அர்த்தம், சண்டை வரும். ரேஷன் கடை வரிசையில் பை வைக்கிறோம், பஸ் சீட்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறோம், பதவிக்குத் 'துண்டு போட்டு வைப்பது' அரசியல் பேச்சிலேயே புழங்குகிறது. ஊர் ஏற்கெனவே குறியீடாக வைத்திருக்கும் பொருளை எடுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பாட்டிக்குப் பதில் குடம் என்று அன்றைக்கே முடிவாயிற்று.

3. பொருள் ஏற்கெனவே சுமக்கும் அர்த்தங்களை எழுதிப் பாருங்கள்

எந்தப் பொருளும் வெறுங்கையோடு வருவதில்லை. எடுத்த பொருளை ஒரு தாளின் நடுவில் எழுதி, அதைச் சுற்றி ஊரார் அதற்குக் கொடுத்திருக்கும் அர்த்தங்களையெல்லாம் எழுதுங்கள். தனியாகச் செய்யாதீர்கள், வயதில் மூத்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தாளில் குடத்தைச் சுற்றி வந்தவை இவை.

நிறைகுடம் மங்கலம், கல்யாண வாசலிலும் கோயிலிலும் வைப்பது. வெறுங்குடம் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்பார்கள். நிறைகுடம் தளும்பாது என்ற பழமொழி. குடத்திலிட்ட விளக்கு (எங்கள் பழைய விளக்கு இங்கே மறுபடி தலைகாட்டியது, துரத்திவிட்டோம்). பிறகு கொள்ளிக்குடம்: சுடுகாட்டில் தோளில் வைத்துச் சுற்றி, சுற்றுக்கொரு துளை போட்டு, கடைசியில் போட்டு உடைக்கும் மண்பானை. பானை என்றால் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் தேர்தல் சின்னமும்கூட.

இப்போது ஒவ்வொன்றையும் பார்த்து, இது நமக்கு உதவியா, இடைஞ்சலா என்று கேளுங்கள். வெறுங்குடம் உதவி. கொள்ளிக்குடம் கத்தி மாதிரி: குடம் உடைகிற காட்சி வைத்தால் பாட்டி இறந்தது ஒரு கூட்டத்துக்குச் சட்டென்று புரியும், ஆனால் அந்தச் சடங்கு இல்லாத வீடுகளிலிருந்து வருகிறவர்களுக்குக் குடம் உடைந்தது மட்டும்தான் தெரியும். போதாக்குறைக்கு பிளாஸ்டிக் குடம் அப்படி உடையாது, நசுங்கும். அதனால் உடைக்கும் எண்ணத்தையே விட்டோம். தேர்தல் சின்னச் சிக்கல் மண்பானை வடிவத்துக்குத்தான். இடுப்பு ஒடுங்கிய பிளாஸ்டிக் குடம் வரைந்தால் அந்தக் குழப்பம் வராது.

தமிழ்நாட்டில் கட்சி விஷயத்தைக் கொஞ்சம் கூடவே கவனிக்க வேண்டியிருக்கிறது. ஒரு பாத்திரம் சந்தோஷத்தில் இரண்டு விரலைத் தூக்கினால் வெளிநாட்டுக்காரர் வெற்றி என்று படிப்பார். நம்மூரில் பாதிப் பேர் இரட்டை இலை என்று படிப்பார்கள். ஐந்து விரலையும் விரித்தால் கையா, உதயசூரியனா என்று ஒரு பட்டிமன்றம். வேட்டிக்கரை, துண்டு, சுவர் என்று எதற்கும் இரண்டு மூன்று வண்ணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்குமுன் எந்தக் கொடி அந்த வரிசையில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். எங்கள் குடங்களுக்கு வண்ணம் கொடுத்த முதல் நாளே இந்தக் கூத்து நடந்தது. மூன்று குடம், ஒரு கட்சிக் கொடி. வரிசையை மாற்றினோம்.

தெய்வங்களை விட்டுவிடுங்கள். வேல், சிலுவை, பிறை எதுவாக இருந்தாலும், அது திரையில் வந்த நொடியே பார்ப்பவர் மனசு கதையை விட்டுவிட்டு இந்தக் குடும்பம் எந்த மதம் என்று பார்க்கப் போய்விடும். கதைக்கு அது தேவையென்றால் தாராளமாக வையுங்கள். குறியீடாக வேலை வாங்க நினைக்காதீர்கள். தொல்காப்பியம் உள்ளுறைக்கு எது இடம் என்று சொல்லும்போது, கருப்பொருள்களில் தெய்வத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதை எடுத்துக்கொள் என்கிறது. அதற்கு உரையாசிரியர்கள் சொல்லும் காரணம் வேறாக இருக்கலாம். எனக்கு அந்த விதி ஸ்டோரிபோர்டு (காட்சிகளை வரிசையாக வரைந்து அடுக்கிப் பார்ப்பது) போடும் மேஜையில்தான் புரிந்தது.

காக்கையால் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். பாட்டி போன பிறகு ஒரு காக்கை வருகிற காட்சி வைத்தோம். மேல்நாட்டுப் படங்களில் காக்கை வந்தால் கெட்டது நடக்கும். நம் வீட்டில் காக்கை கரைந்தால் விருந்தாளி வருவார். குறுந்தொகையிலேயே விருந்து வரக் கரைந்த காக்கை இருக்கிறது, அதைப் பாடியவருக்குக் காக்கைபாடினியார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. காக்கைக்குச் சோறு வைத்தால் முன்னோருக்கு வைத்த மாதிரி. ஆக, இறந்த பாட்டி காக்கையாக வந்து தன் தெருவை எட்டிப் பார்க்கிறாள் என்பது தமிழ் வீடுகளுக்கு நன்றாகவே புரியும் என்று கணக்குப் போட்டோம். காக்கையைக் கொண்டுபோய்க் குடத்தின் விளிம்பில் உட்காரவைத்தோம். போட்டுக் காட்டினால் குழந்தைகள் அத்தனை பேரும் ஒரே குரலில்: "கல்லு போடும்! கல்லு போடும்!"

காக்கை தனியாக ஓர் அர்த்தம், குடம் தனியாக ஓர் அர்த்தம். இரண்டையும் சேர்த்தால் ஒன்றாம் வகுப்புப் பாடம். இரண்டு குறியீடு ஒரே சட்டகத்தில் வந்தால் இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக என்ன சொல்கின்றன என்று தனியாக ஒருமுறை பார்த்துவிடுங்கள். காக்கையை எடுத்துவிட்டோம். நன்றாக வரைந்திருந்தோம் அதை, இன்னும் வருத்தம்தான்.

4. கறுப்பு மையில், கட்டை விரல் அளவில்

இது சின்ன வேலை, அரை மணி நேரம் போதும். பொருளைக் கட்டை விரல் நகம் அளவுக்கு, உள்ளே கோடு எதுவும் இல்லாமல் கறுப்பாக நிரப்பி வரையுங்கள். என்ன பொருள் என்று தெரிகிறதா? தெரியாவிட்டால் கோணத்தை மாற்றுங்கள், இல்லையென்றால் பொருளையே மாற்றுங்கள். உங்கள் படத்தை முக்கால்வாசிப் பேர் பஸ்ஸில் போகும்போது போனில்தான் பார்ப்பார்கள்.

பயிற்சிக்குத் தேர்தல் ஆணையத்தின் சின்னப் பட்டியலைவிட நல்ல புத்தகம் எனக்குத் தெரிந்து இல்லை. 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் வாக்காளர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி என்று வைத்து, பெட்டியின் மேல் சின்னத்தை ஒட்டினார்கள். சீப்பு, ஏணி, குக்கர், விசில் என்று தேர்தல்களில் வந்திருக்கும் சின்னங்களைப் பாருங்கள். நிழல் இல்லை, அலங்காரம் இல்லை, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தப் பொருள் அதிகம் அதுவாகத் தெரியுமோ அந்தப் பக்கம். குக்கரைக் கைப்பிடியும் விசிலும் தெரியப் பக்கவாட்டில்தான் வரைவார்கள். மேலிருந்து வரைந்தால் வெறும் வட்டம்.

எங்கள் தெருவில் இருபது குடம் நின்றது. அதில் பாட்டியின் குடம் தனியாகத் தெரிய வேண்டும். வண்ணத்தை மட்டும் நம்பினால் ஆபத்து, ஏனென்றால் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாக உண்டு. படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் இந்தச் சிக்கல் உடனே தெரிந்துவிடும். உருக்கி ஒட்டிய தழும்பை அடையாளமாக வைக்க எனக்கு ரொம்ப ஆசை. போன் திரையில் அது வெறும் புள்ளியாகிவிட்டது. எவர்சில்வர் குடம் கொடுத்துப் பார்த்தோம். பளபளவென்று தனியாகத் தெரிந்தது. பார்த்த ஓர் அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "எவர்சில்வர் கொடத்த யாராச்சும் ரோட்ல வெச்சுட்டுப் போவாங்களா? பத்து நிமிஷம் இருக்காது!" கடைசியில் கழுத்தில் கட்டிய துணிக்கிழிசல் நின்றது. காற்றில் ஆடும், உருவத்தின் வெளிக்கோட்டிலேயே தெரியும், தெருவில் நிஜமாகவே அப்படிக் கட்டுகிறார்கள்.

5. படமே சொல்லிக் கொடுக்கட்டும்

கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். விளக்குக் காட்சி தோற்றது இந்த இடத்தில்தான்.

குறியீடு முதலில் பொருளாக இருந்தாக வேண்டும். கதையில் அதற்கு ஒரு வேலை இருக்கவேண்டும், அந்த வேலையை அது செய்வதைப் பார்ப்பவர் பார்த்திருக்கவேண்டும். பிறகு அது ஓர் ஆளோடு ஒட்டவேண்டும். அதற்கும் பிறகுதான் அது அந்த ஆளுக்குப் பதிலாக நிற்க முடியும். குறைந்தது மூன்று தடவை, மூன்று விதமாக.

எங்கள் படத்தில் முதல் தடவை வெறும் புழக்கம்: பாட்டி குடத்தை வரிசையில் வைக்கிறாள், துணிக்கிழிசலை இறுக்கி முடிச்சுப் போடுகிறாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிழலுக்குப் போகிறாள். குடம் நிற்கிறது. யாரும் எதையும் 'குறிக்கவில்லை' இங்கே.

இரண்டாம் தடவை ஆளும் பொருளும் ஒட்டுவது. சிறுமி வந்து சுற்றும் முற்றும் பார்த்து, பாட்டியின் குடத்தைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டுத் தன் குடத்தை முன்னால் வைக்கிறாள். நிழலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, யாரோ தன்னையே தள்ளிய மாதிரி உட்கார்ந்த இடத்திலேயே ஆடிப்போகிறாள். இரண்டு அசைவையும் ஒரே கணத்தில் வைத்தோம். குடம் சாயும் அதே கோணத்தில் பாட்டியும் சாய்கிறாள். சிரிப்பு வருகிற இடம் இது. சிரிப்பு வந்தால் புரிந்துவிட்டது என்று அர்த்தம், அதனால் இந்த ஒட்டும் காட்சியை முடிந்தவரை வேடிக்கையாக வையுங்கள். அழவைக்கிற காட்சியில் புதுப் பாடம் நடத்தினால் யாருக்கும் ஏறாது. இந்தத் தள்ளலை மூன்று நாள் காலையாகத் திரும்பத் திரும்ப வைத்தோம். ஒவ்வொரு முறையும் சுருக்கமாக: முதல் நாள் எட்டு விநாடி, இரண்டாம் நாள் நாலு, மூன்றாம் நாள் ஒன்றரை. மூன்றாம் நாள் பாட்டியைக் காட்டவே இல்லை. குடம் மட்டும் தானாக ஓர் அங்குலம் முன்னால் நகர்ந்து வந்து நிற்கிறது. அந்த இடத்தில் குடம் பாட்டியாகிவிட்டது.

மூன்றாம் தடவை இல்லாமை. நாலாம் நாள் காலை வரிசை நிற்கிறது, துணிக்கிழிசல் கட்டிய குடம் இல்லை. சிறுமி தன் குடத்தை முன்னால் வைக்க வருகிறாள். நிற்கிறாள். ஒரு குடம் அகலத்துக்கு இடைவெளி விட்டு வைக்கிறாள். லாரி வருகிறது, குடங்கள் காலால் தள்ளப்பட்டு ஒவ்வொன்றாக முன்னேறுகின்றன, இடைவெளியும் கூடவே முன்னேறுகிறது. பின்னாலிருந்து ஒரு கை இடைவெளியில் குடம் வைக்கப் பார்க்க, சிறுமி தன் காலைக் குறுக்கே நீட்டுகிறாள்.

கடைசியில் திரையில் குறியீடு என்று ஒன்றுமே இல்லை. காலி ரோடுதான். வாக்கியத்தின் இரண்டு பாதியையும் அந்தக் காலி இடம் சொன்னது. விளக்கு அணையும் நாற்பது ஓவியத்தையும் குப்பையில் போட்டோம்.

ஓர் எச்சரிக்கை: இப்படிப் பாடம் நடத்தும்போது பாத்திரங்கள் குடத்தைப் பெருமூச்சோடு வெறித்துப் பார்ப்பது, காமிரா அதைச் சுற்றிவருவது, வீணை வாசிப்பது எல்லாம் வேண்டாம். 'இதோ குறியீடு' என்று விரலை நீட்டிக் காட்டினால் பார்ப்பவர் கொஞ்சம் கோபப்படுவார். நியாயம்தான்.

6. அசைவும் நேரமும் சத்தமும்

நமக்கு ஒரு வசதி உண்டு. உயிரில்லாத பொருள் அசைகிற விதத்திலேயே மனிதர்கள் மனசைப் பார்த்துவிடுவார்கள். 1944இல் ஹைடர், சிம்மல் என்ற இரு உளவியலாளர்கள் இரண்டு முக்கோணமும் ஒரு வட்டமும் நகரும் சின்ன அனிமேஷன் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்களில் ஏறக்குறைய எல்லாருமே அதைச் சண்டை, மிரட்டல், தப்பி ஓடல் என்று கதையாகத்தான் சொன்னார்கள். முகமில்லாத முக்கோணத்துக்கே இவ்வளவு மரியாதை! ஆகவே குடத்துக்குக் கண்ணும் வாயும் வரையாதீர்கள். நகரும் வேகத்தையும், நின்று யோசிக்கிற இடைவேளையையும் மட்டும் கொடுங்கள்.

நேரத்துக்கு என் கைக்கணக்கு இது: ஒரு பொருள் முதன்முதல் திரையில் வரும்போது குறைந்தது இரண்டு விநாடி அசையாமல் இருக்கட்டும், அதாவது விநாடிக்கு 24 என்ற கணக்கில் 48 ஃபிரேம். அந்த நேரத்தில் சட்டகத்தில் வேறெதுவும் துள்ளக் கூடாது. இரண்டாம் தடவை பாதி போதும். புதியவர்கள் தங்கள் படத்தை நூறு தடவை பார்த்திருப்பார்கள், அதனால் இரண்டு விநாடி அவர்களுக்கு யுகமாகத் தெரியும், உடனே வெட்டிவிடுவார்கள். பார்ப்பவருக்கோ அது முதல் தடவை.

சத்தம் பாதி அர்த்தத்தைச் சுமக்கும். வெறுங்குடத்தைத் தரையில் வைக்கிற 'டொக்', நிறைகுடத்தை வைக்கிற 'தொப்', இரண்டையும் வீட்டிலேயே போனில் பதிவு செய்தோம். பாட்டியின் குடத்துக்கு மட்டும் வைத்தவுடன் துணி படபடக்கும் ஒலி. நாலாம் நாள் அந்தப் படபடப்பு இல்லை. பலர் இதைக் கவனித்ததாகச் சொல்லவில்லை. ஆனால் முந்தைய நாட்களிலிருந்தும் அந்த ஒலியை எடுத்துவிட்டுப் போட்டுக் காட்டியபோது அந்தக் காட்சியின் அமைதி சாதாரண அமைதியாகிவிட்டது.

7. போட்டுக் காட்டுங்கள், வாயை மூடிக்கொள்ளுங்கள்

வண்ணம் தீட்டும்வரை காத்திருக்காதீர்கள். ஸ்டோரிபோர்டுப் படங்களை நேரக் கணக்கோடு அடுக்கி, தற்காலிக ஒலி சேர்த்து அனிமேட்டிக் ஆக்கியதுமே காட்டுங்கள். கிரீட்டா, பிளெண்டர் போன்ற இலவச மென்பொருளிலேயே இதைச் செய்யலாம். இந்தக் கட்டத்தில் காக்கையைத் தூக்குவது ஒரு மணி நேர வேலை. முழுதாக வரைந்த பிறகு தூக்கினால் ஒரு மாதச் சம்பளம்.

யாருக்குக் காட்டுவது? கூட வேலை செய்கிறவர்களுக்கு வேண்டாம், அவர்களுக்குக் கதை தெரியும். சினிமா படிக்கிற நண்பர்களுக்கும் வேண்டாம், அவர்கள் இல்லாத அர்த்தத்தையும் கண்டுபிடித்துப் பாராட்டுவார்கள். பத்து வயதுப் பிள்ளை ஒன்று, அறுபது தாண்டியவர் ஒருவர், அந்தத் தெருவிலேயே வாழ்கிறவர், அந்தத் தெரு மாதிரி எதையுமே பார்க்காதவர் என்று ஐந்தாறு பேர் போதும். ஒவ்வொருவராகக் காட்டுங்கள். கூட்டமாகக் காட்டினால் முதலில் பேசுகிறவர் சொன்னதையே எல்லாரும் சொல்வார்கள்.

"குடம் எதைக் குறிக்கிறது?" என்று கேட்கவே கூடாது. அப்படிக் கேட்டால் தேர்வு எழுதுகிற மாதிரி ஏதாவது தத்துவம் சொல்வார்கள். "என்ன நடந்துச்சுன்னு எனக்குக் கதையாச் சொல்லுங்க" என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் வாயில் வரும் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். "அந்தக் குடம்" என்கிறாரா, "பாட்டி குடம்" என்கிறாரா, "பாட்டி" என்றே சொல்லிவிடுகிறாரா? எங்களுக்கு மூன்றாம் நாள் காட்சியைச் சொல்லும்போது ஒரு பெரியவர், "அப்புறம் கெழவி மெதுவா முன்னாடி வந்து நின்னுக்கிச்சு" என்றார். அந்தக் காட்சியில் கிழவியே இல்லை, குடம்தான் இருந்தது. அன்றைக்கு டீ நாங்கள் வாங்கிக் கொடுத்தோம்.

அவர்கள் தப்பாகச் சொல்லும்போது திருத்தாதீர்கள், விளக்காதீர்கள். ரொம்பக் கஷ்டமான வேலை இது. நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். ஆறு பேரில் ஒருவருக்குப் புரியவில்லையென்றால் விட்டுவிடலாம். இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தடுமாறினால் அந்த இடத்தைத் திருத்தியாக வேண்டும்.

8. வெளியூருக்குப் போகும்போது

உங்கள் தெருவுக்குப் புரிவது எல்லா ஊருக்கும் புரியவேண்டுமென்று இல்லை. தமிழ் பேசுகிறவர்களுக்குள்ளேயே வித்தியாசம் உண்டு. கிணற்றை நம்பி வாழ்ந்த யாழ்ப்பாணத்துக்காரருக்குத் தண்ணீர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கிணற்றடியும் வாளியும்தான். பெரிய ஸ்டுடியோக்கள் சில சமயம் பொருளையே மாற்றிவிடுகின்றன. பிக்சாரின் 'இன்சைட் அவுட்' 2015இல் வந்தபோது, குழந்தைக்குப் பிடிக்காத காய்கறியாக அமெரிக்கப் பதிப்பில் புரோக்கோலி, ஜப்பானியப் பதிப்பில் பச்சைக் குடைமிளகாய். அங்கே குழந்தைகள் முகம் சுளிப்பது குடைமிளகாய்க்கு என்பதால்.

நம்மிடம் அதற்குப் பணமில்லை. பொருளை அப்படியே வைத்துக்கொண்டு, அது செய்யும் வேலையை இன்னும் தெளிவாகக் காட்டுவதுதான் நமக்கு முடிந்த வழி. வெளிநாட்டில் படிக்கும் உறவுக்காரப் பெண் ஒருத்தி, தன் அறைத்தோழிக்கு எங்கள் அனிமேட்டிக்கைக் காட்டிவிட்டுப் போன் செய்தாள். "கடைசி சீன்ல அழுதாக்கா. ஆனா மொதல்ல ரொம்ப நேரம் அவளுக்கு ஒண்ணும் புரியல. இந்தப் பானையெல்லாம் ஏன் ரோட்ல நிக்குது, வித்துட்டு இருக்காங்களான்னு கேட்டா." குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற ஊர்க்காரிக்கு வேறெப்படித் தோன்றும்?

படத்தின் தொடக்கத்தில் ஆறு விநாடி சேர்த்தோம். விடியவில்லை, தெரு காலி. ஒரு கை முதல் குடத்தை வைத்துவிட்டுப் போகிறது. இரண்டாவது கை இரண்டாவது குடம். மூன்றாவதாக வந்தவளிடம் குடம் இல்லை. ஒற்றைச் செருப்பைக் கழற்றி வரிசையில் வைத்துவிட்டு, மற்றக் காலில் செருப்போடு நொண்டிக்கொண்டே வீட்டுக்கு ஓடுகிறாள். அறைத்தோழி மறுபடி பார்த்தாள். செருப்பு வந்த இடத்தில் சிரித்தாளாம்.